நடுக்கடலில் ஒரு விக்கல்

விமான இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவனே விமானத்தில் ஏறப் பயப்படுகிறான் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். தம்பி அப்படிப்பட்டவன்தான். அக்காவின் பழைய நான்கு இருக்கை விமானத்தில் அவன் கைபடாத திருகாணி கிடையாது. எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எது தளர்ந்தால் எது விழும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. "தன் கடையில தானே சாப்பிடாத சமையல்காரனைப் பார்த்திருக்கேன், இவன் அந்த ஜாதி" என்பார் மாமா.

மாமா என்றால் அக்காவின் கணவர். மூன்று பேருமாகச் சேர்ந்துதான் அந்தத் தொழிலை நடத்தினார்கள். அக்கா ஓட்டுவாள். மாமா போனையும் சரக்கையும் பார்த்துக்கொள்வார். தம்பி இன்ஜினைப் பார்த்துக்கொள்வான். கரையிலிருந்து கடல் தாண்டி ஒரு தீவு. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதற்கு மருந்துப் பெட்டிகளையும் ஐஸில் வைத்த ஊசி மருந்துகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முக்கியமான வேலை. படகில் போனால் பொழுது போய்விடும். விமானத்தில் போனால் காலையில் கிளம்பிய அக்கா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாள்.

அக்காவுக்குப் பயம் என்பது என்னவென்றே தெரியாது. சின்ன வயதில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடந்துகாட்டுவாள். தம்பி கீழே நின்று அழுவான். அப்போது அவள் வைத்த பெயர்தான் 'நடுங்கி'. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. விமானத்துக்கு எண்ணெய் ஊற்ற வருகிறவர் வரை எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். உண்மையிலேயே அவனுக்குக் கை நடுங்கும். நுணுக்கமான வேலை என்றால் மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் திருப்புளியைப் பிடிப்பான்.

ஒருநாள் அக்கா தீவிலிருந்து திரும்பி வந்து, இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னாள்.

"டேய் நடுங்கி, இன்ஜின் விக்குதுடா."

"விக்குதுன்னா?"

"நல்லா ஓடிட்டே இருக்கு. திடீர்னு ஒரு விக்கல். கண்ணை மூடித் திறக்கிற நேரம் எல்லாமே நின்னுபோன மாதிரி. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுது."

"எந்த இடத்துல?"

"நடுக்கடல்ல. வேற எங்க."

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்வதுபோல அவள் சொல்லிவிட்டுப் போனாள்.  அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் அவன் பெட்ரோல் பக்கம் போனான். வடிகட்டியைக் கழற்றினான். தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். தண்ணீர் இல்லை, தூசி இல்லை. கார்பரேட்டரும் சுத்தம். மறுபடி அக்கா போனாள், மறுபடி விக்கியது. இனி மேக்னட்டோதான் என்று முடிவு செய்தான்.

அந்த மாதிரிப் பழைய இன்ஜினுக்குப் பொறி கொடுப்பது மேக்னட்டோ. பாட்டரியை நம்பியிருக்காது. உள்ளே ஒரு காந்தம் சுற்றும். சுற்றச் சுற்றத் தானே மின்சாரம் உண்டாக்கித் தானே பொறி கொடுக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்; இது ஒன்றுக்குக் கொடுக்கும், அது மற்றொன்றுக்குக் கொடுக்கும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும். தம்பியைக் குழப்பியது அதுதான். இரண்டும் ஒரே நொடியில் எப்படி விக்கும்?

வேலைக்கு முன்னால் அவன் எப்போதும் செய்கிற ஒரு காரியம் உண்டு. ப்ரொப்பெல்லருக்கு எதிரே யாரும் வராதபடி கயிறு கட்டிவிடுவான். காரில் சாவியைத் திறந்தால்தான் பொறிக்கு மின்சாரம் போகும். மேக்னட்டோவில் எல்லாம் தலைகீழ். சாவியை மூடும்போது சுவிட்ச் ஒரு கம்பி வழியாக மேக்னட்டோவை விமானத்தின் உலோக உடம்போடு சேர்த்துவிடும். அப்போதுதான் அதன் வாய் அடையும். சாவியைத் திறந்தால் அந்தத் தொடுப்பு விட்டுப்போகும். மேக்னட்டோ பேசத் தொடங்கும். அந்தக் கம்பி எங்காவது அறுந்திருந்தால் சாவியை மூடினாலும் மேக்னட்டோ உயிரோடுதான் இருக்கும். மூடித்தானே இருக்கிறது என்று நம்பி ஒருவன் ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளினால் அது உயிர்த்து எழுந்து அவன் கையைக் கொண்டுபோகும். தலை குனிந்திருந்தால் தலையையும் கொண்டுபோகும். தம்பியின் கனவுகளில் அடிக்கடி வருவது அந்த ப்ரொப்பெல்லர்தான்.

இரண்டு மேக்னட்டோக்களையும் கழற்றி மேசைமேல் வைத்தான். உள்ளே திறந்து மூடிப் பொறியை விடும் பாயிண்டுகள் லேசாகக் கறுத்திருந்தன. துடைத்து, தகட்டு அளவியை நுழைத்து இடைவெளியைச் சரியாக வைத்தான். கண்டென்சர்களை மாற்றினான். மூடியின் உட்புறத்தில் மயிரிழைபோலக் கரிக்கோடு ஏதாவது ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினான். எண்ணெய் கசிந்த தடம் இல்லை. பல்சக்கரத்தில் ஒரு பல்கூட மழுங்கவில்லை. திரும்ப மாட்டி, சின்ன விளக்குப் பெட்டியை இணைத்து, பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கும்போது பொறி விழவேண்டுமோ அந்த இடத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். எரிந்தது. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி கழற்றி மறுபடி மாட்டினான்.

பிறகு விமானத்துக்குள் உட்கார்ந்து, தன் சட்டைப்பையில் வைத்திருந்த உபரிச் சாவியைப் போட்டு இன்ஜினை ஓட்டினான். தரையில் உட்கார்ந்திருக்க அவனுக்குப் பயமில்லை. சாவியை வலத்துக்கு மட்டும் திருப்பினான். இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் கொஞ்சம் இறங்கியது. இடத்துக்கு மட்டும் திருப்பினான். அதே அளவு இறங்கியது. இரண்டுக்கும் திருப்பினான், ஏறி நின்றது. ஒரு குறையும் இல்லை. இன்ஜின் சூடேறித் தகிக்கும்வரை ஓட்டினான். விக்கவில்லை.

அக்கா போய் வந்தாள்.

"விக்குது" என்றாள். "இந்தத் தடவை ரெண்டு வாட்டி."

மாமா சரக்குப் பெட்டிகளை அடுக்கியபடியே சொன்னார். "அவன் ரெண்டு தடவை பிரிச்சு மாட்டிட்டான். கீழே தங்கமா ஓடுது. உனக்குத்தான் மேலே போனா ஏதோ ஆகுது. கடலைப் பார்த்து மனசு பயந்து..."

"எனக்குப் பயமா?" என்றாள் அக்கா. மாமா அடுத்த பெட்டியைத் தூக்கப் போனார். அவளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "கீழே ஓட்டிப் பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொல்றே. அது மேலே போனாத்தான் விக்குது. நீ வந்து உன் காதால கேளு."

"நான் எதுக்குக்கா? போன்ல பதிவு பண்ணிட்டு வா."

"பண்ணினேன். காத்துச் சத்தம்தான் கேக்குது. நோயாளியைப் பார்க்காம எந்த டாக்டர் மருந்து குடுக்கிறான்?"

"அப்போ போகவே வேணாம். கண்டுபிடிக்கிற வரைக்கும் இது கொட்டகையிலேயே நிக்கட்டும்."

"நிறுத்தலாம். நாளைக்குக் குடுக்க வேண்டிய ஊசி மருந்தை யாரு கொண்டுபோறது? படகு பழுதாகிக் கரையேறிக் கிடக்கு. நீ வந்தா ரெண்டு பேரு. வரலைன்னா நான் தனியாப் போறேன்."

சொன்னால் செய்வாள். அது அவனுக்குத் தெரியும். அவள் போகும்போதெல்லாம் அவன் கொட்டகை வாசலில் நின்று சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்பான். பிறகு வேலை செய்வதுபோலப் பாவனை செய்வான். திரும்பி வரும் சத்தம் காதில் விழும்வரை அவன் மனிதனாக இருக்க மாட்டான். கீழே நின்று காத்திருக்கும் அந்தப் பயம் அவனுக்கு மனப்பாடம். மேலே போகும் பயம் புதிது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தான். விக்கும் இன்ஜினோடு அவளைத் தனியே அனுப்பிவிட்டு வாசலில் நிற்க முடியாது என்று தோன்றியது.

மறுநாள் காலை ஏறினான். ஒரு காலைப் படியில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். மாமா பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

"மாப்பிள்ளை, வாந்தி வந்தா பையில எடு. மருந்துப் பெட்டி மேல எடுத்துராதே" என்றார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா கொத்துச் சாவியை எடுத்துச் சுவிட்சில் செருகினாள். இன்ஜின் உயிர்த்தது. ஓடுதளத்தின் முனையில் நின்று இரண்டு மேக்னட்டோக்களையும் சோதித்தாள். முள் ஒழுங்காக இறங்கி ஒழுங்காக ஏறியது. பிறகு பூமி கீழே போயிற்று. தம்பி இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். அவன் தொழிலே அவனுக்கு எதிரியாகக் காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு அதிர்வும் ஒரு திருகாணியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. கரை பின்னால் போயிற்று. கீழே தண்ணீர், தண்ணீர், அதன்மேல் வெள்ளை வெள்ளையாக நுரை.

"மூச்சு விடுடா" என்றாள் அக்கா ஹெட்போனில். "நீ மூச்சு விடாததால விமானம் மிதக்கப் போறதில்லை."

நடுக்கடலை நெருங்கும்போது காற்று முரட்டுத்தனமாக மாறியது. விமானம் ஒருமுறை காற்றுப் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அந்த நொடியில் அவன் அதைக் கேட்டான். இன்ஜின் விக்கியது. கேட்டது மட்டுமில்லை, முதுகுத்தண்டில் உணர்ந்தான்.

"கேட்டுதா?" என்றாள்.

அவனால் தலையாட்ட மட்டும் முடிந்தது. கண்கள் தாமாகவே எதிரே இருந்த கருவிகள் மேலெல்லாம் ஓடின. எண்ணெய் அழுத்தம் சரி. சூடு சரி. பெட்ரோல் சரி. மறுபடி ஒரு பள்ளம். மறுபடி விக்கல். இப்போது அவன் கண்ணில் பட்டது சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, கொட்டகைச் சாவி, சரக்கு அறைச் சாவி, இவற்றோடு தொலைந்துபோகாமல் இருக்க மாமா மாட்டிவிட்ட ஒரு பித்தளைக் குண்டு. விமானம் விழும்போது கொத்து எகிறியது. எழும்போது முழுக் கனத்தோடும் இழுத்தது. இழுத்த இழுப்பில்தான் இன்ஜின் விக்கியது.

கீழே அவன் சோதித்ததெல்லாம் தன் ஒற்றைச் சாவியால். கனமில்லாத சாவி. அது சுவிட்சை இழுக்கவே இல்லை. மேக்னட்டோக்களில் ஒரு குறையும் இல்லை. வருஷக்கணக்காக இந்தக் கொத்து ஆடி ஆடித் தேய்த்த சுவிட்சில்தான் குறை. உள்ளே ஏதோ தளர்ந்து, ஒவ்வொரு குலுக்கலிலும் ஒரு நொடிக்கு இரண்டு மேக்னட்டோக்களின் வாயையும் சேர்த்து அடைக்கிறது.

"அக்கா, சாவி" என்று சொல்லிக்கொண்டே கொத்து மேலும் ஆடாமலிருக்கக் கையை நீட்டிப் பிடித்தான்.

அவன் கை பட்டதும் இன்ஜின் நின்றது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. காது அடைத்துப்போனது என்றுதான் நினைத்தான். பிறகு காற்றின் ஓசை கேட்டது. கதவின் இடுக்கில் யாரோ நீளமாக விசிலடிப்பதுபோல. எதிரே ப்ரொப்பெல்லர் காற்றுக்குச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடா பண்ணே?"

"பிடிச்சேன். சும்மா பிடிச்சேன்."

அக்கா விமானத்தின் மூக்கைத் தாழ்த்திச் சறுக்கவிட்டாள். சாவியைத் திருப்பினாள். அது எந்தப் பக்கமும் பிடிக்காமல் தொளதொளவென்று சுற்றியது. பெட்ரோல் தொட்டியை மாற்றினாள், பம்பைப் போட்டாள், கைக்குக் கிடைத்ததையெல்லாம் இழுத்தாள், தள்ளினாள். ரேடியோவில் கரைக்குத் தகவல் சொன்னாள். குரல் ஒரே சீராக இருந்தது. தீவு தெரிந்தது, ஆனால் எட்டும் தூரத்தில் இல்லை.

"சீட்டுக்கு அடியில லைஃப் ஜாக்கெட் இருக்கு. மாட்டிக்கோ. ஊதாதே, வெளியே வந்ததும் ஊதணும். தண்ணிக்கிட்ட போகும்போது கதவைத் திறந்து வை."

தம்பியின் கைகள் மடியில் கிடந்தன. வேறு யாருடைய கைகளோ என்பதுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  கடல் பெரிதாகிக்கொண்டே வந்தது. நுரைகளுக்கு இப்போது உருவம் தெரிந்தது. அம்மா என்றுகூடக் கூப்பிட வரவில்லை. அந்த நேரத்தில் அவன் தைரியத்தைத் திரட்டிக்கொண்டான் என்று சொன்னால் அது பொய். தலைக்குள் இருந்ததெல்லாம் சிதறியபோது பழகிப்போன ஒரே ஒரு நினைப்பு மட்டும் மிஞ்சி நின்றது: கம்பி இல்லாவிட்டால் மேக்னட்டோ உயிரோடுதான் இருக்கும். இத்தனை நாளும் அவனைத் தூங்கவிடாமல் செய்த நினைப்பு அது.

பெல்ட்டைக் கழற்றினான்.

"கழட்டாதே. உக்காரு" என்றாள் அக்கா.

அவன் ஏற்கெனவே தலைகீழாகக் கருவிப் பலகைக்கு அடியில் நுழைந்திருந்தான். இருட்டு. கம்பிகளின் புதர். அக்காவின் செருப்புக் கால் அவன் கன்னத்தை உரசியது. தடவித் தடவிச் சுவிட்சின் முதுகைக் கண்டுபிடித்தான். அதிலிருந்து இரண்டு தடித்த கம்பிகள் போயின. எது வலம், எது இடம் என்று பார்க்க நேரமில்லை. எதுவாக இருந்தாலும் ஒன்று போதும். ஒன்றை விரலில் சுற்றி இழுத்தான். வரவில்லை. வியர்வையில் வழுக்கியது. கைக்குட்டையைச் சுற்றி, காலை இருக்கையில் உதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தான். கம்பி அறுந்து கையோடு வந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

மேலே காற்று விசிலடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. அவ்வளவுதான் என்று அவன் நினைத்தான். அப்போதுதான் பார்த்தான், அறுந்த முனை பலகையின் இரும்புச் சட்டத்தில் சாய்ந்து கிடந்தது. உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அறுந்தும் பயனில்லை. முனையைச் சட்டத்திலிருந்து விலக்கினான்.

பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். கூடவே இன்ஜின் முழுத் தொண்டையில் அலறிக்கொண்டு எழுந்தது. விமானம் முன்னால் பாய, தம்பியின் தலை பலகையில் மோதியது. அதே சமயம் கம்பியின் முனை அவன் விரலைக் கடித்தது. தோள்வரை சுள்ளென்று ஏறியது. கையை உதறப் போனவன் உதறாமல் நின்றான். உதறினால் முனை மறுபடி சட்டத்தில் விழும். ஒட்டுவதற்கு நாடா இல்லை. கைக்குட்டை வியர்வையில் நனைந்து போயிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தீவுவரை அவன் அப்படியே தலைகீழாகத்தான் போனான். குலுக்கலில் கை நகரும்போதெல்லாம் ஒரு கடி. ஒவ்வொரு கடிக்கும் உடம்பு துள்ளியது. ரத்தம் தலைக்கு இறங்கிக் கண்கள் பிதுங்கின. கடலையும் பார்க்கவில்லை, தீவையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் அக்காவின் கால்களை மட்டும்தான். அவை மிதிகளை மாறி மாறி மெல்ல அழுத்தின. ஒரு கட்டத்தில் அந்தக் கால்கள் வெடவெடவென்று நடுங்குவதைக் கண்டான். விமானத்தின் அதிர்வு என்று நினைத்துக்கொண்டான்.

சக்கரம் தரையில் மோதியது, துள்ளியது, ஓடியது. அக்கா பெட்ரோலை மூடி இன்ஜினைப் பட்டினி போட்டு நிறுத்தினாள். சாவிக்குத்தான் இனி வேலை இல்லையே.

தம்பி கம்பியை விட்டான். கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தால் போதும் என்றிருந்தது. அப்போது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தீவுக்காரர்; ஆடுகளை விரட்டுவதும் பெட்டிகளை இறக்குவதும் அவர் வேலை. சந்தோஷமாக ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் செய்வது, பெட்டி இறக்கும்போது முட்டாமல் இருக்க ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளிப் படுக்கை வாட்டில் நிறுத்துவது. அக்கா எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறாள்.

கம்பி அறுந்து கிடக்கிறது. மேக்னட்டோ உயிரோடு இருக்கிறது.

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. கதவை உதைத்துத் திறந்து, வெளியே தலைகுப்புற விழுந்து, எழுந்து, இறக்கைக்கு அடியில் புகுந்து ஓடினான். தீவுக்காரரின் கை ப்ரொப்பெல்லர்மேல் இருந்தது. பக்கவாட்டில் போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள்.

"என்ன தம்பி, பைத்தியமா?" என்றார் அவர் முழங்கையைத் தடவிக்கொண்டு. "சாவி உங்க அக்கா கையில இருக்கு பாருங்க. மூடித்தானே இருக்கு?"

"கம்பி அறுந்திருக்கு அண்ணே. சாவிக்கு அது கட்டுப்படாது. உள்ளே தங்கின பெட்ரோலே போதும், தள்ளினா சுத்தும்."

அவர் ப்ரொப்பெல்லரைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்துபோய்த் தூரத்தில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார். பற்றவைக்க நிறைய குச்சிகள் செலவாயின.

தம்பி கயிறு எடுத்து ப்ரொப்பெல்லரைச் சுற்றி எல்லை கட்டினான். மேக்னட்டோவின் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டி அதன் வாயை அடைத்தான். மருந்துப் பெட்டிகளை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிவிட்டான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அக்காவைத் தேடினான்.

அவள் விமானத்தின் வால் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தான். வாயில் படாமல் கழுத்தில் வழிந்தது. அவனே பிடித்துக் குடிக்கவைத்தான்.

"எழுந்திரிக்க முடியலைடா" என்றாள். "காலு வரமாட்டேங்குது."

"வராது. கொஞ்ச நேரம் ஆகும்."

"மேலே இருக்கும்போது ஒண்ணுமில்லை. இறங்கின உடனே பிடிச்சுக்கிச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நான் செத்துருவேனா?"

"மாட்டே. மூச்சை மெதுவா வெளியே விடு. உள்ளே இழுக்கிறதைப் பத்திக் கவலைப்படாதே, அது தானா வரும். கையைத் தரையில வெச்சுக்கோ."

அவள் சொன்னபடி செய்தாள். மூச்சு மெல்ல அடங்கியது.

"நீ இதோடதான் இருக்கியா?" என்று கேட்டாள். "தினமுமா?"

"தினமும்."

"எப்படிடா?"

அவன் யோசித்தான். இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. "தெரியலைக்கா. போகாது. கையில ஏதாவது வேலை இருந்தா கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கும். அவ்வளவுதான்."

அவள் அவன் கையை எடுத்துப் பார்த்தாள். விரல் நுனிகள் கன்றிச் சிவந்து கொப்புளித்திருந்தன. அந்தக் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவர்கள் ஒரு மீன்பிடி விசைப்படகில் கரைக்குத் திரும்பினார்கள். விமானம் தீவிலேயே நின்றது. புதிய சுவிட்ச் வந்து சேர நாளாயிற்று. வந்ததும் தம்பி அதை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனான். அக்காவும் கூடவே வந்தாள். ஆனால் ஓட்டுவேன் என்று சொல்லவில்லை, வேறு விமானியைக் கூப்பிடு என்றும் சொல்லவில்லை. அவன் பழைய சுவிட்சைப் பிரித்துக் காட்டினான். உள்ளே பித்தளைப் பொடி மாவுபோலக் கொட்டிக் கிடந்தது. தொடுப்புத் தகடு தேய்ந்து, ஒடிந்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து உடம்போடு இணைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. அவன் கை படாதிருந்தாலும் அடுத்த பள்ளத்திலோ அதற்கடுத்த பள்ளத்திலோ ஒடிந்திருக்கும். அதை அவள்தான் சொன்னாள். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது.

புதிய சுவிட்சையும் புதிய கம்பிகளையும் மாட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்து முடித்தான். சாவியை அவளிடம் நீட்டினான். ஒற்றைச் சாவி.

அவள் உடனே வாங்கவில்லை. விமானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். ஓடுதளத்தின் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். தீவுக்காரர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் வரவில்லை.

"நீ படகுல போயிரு" என்றாள் அக்கா.

"இல்லை. நானும் ஏறுறேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

கரையை விட்டுக் கடலுக்கு மேல் வந்தார்கள். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. காற்றும் அன்றைக்கு அமைதியாக இருந்தது. அப்படியிருந்தும் அவள் உயரத்தை வழக்கத்தைவிட அதிகமாக வைத்துக்கொண்டாள். கீழே எந்தப் படகு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். முன்பெல்லாம் அவள் படகுகளைப் பார்த்ததே கிடையாது.

கொட்டகை வாசலில் மாமா நின்றிருந்தார். தூரத்துச் சத்தம் கேட்டபோதே வெளியே வந்து நின்றிருக்க வேண்டும். வெயிலில் முகம் கறுத்திருந்தது. இறங்கியவளிடம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"பயமா இருந்துச்சுங்க" என்றாள் அக்கா.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை மாமா அதற்கு முன் கேட்டதில்லை.  அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவள் நடைக்கு ஏற்றபடி மெதுவாக நடந்தார். தம்பி விமானத்தின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் போனான்.